வாடத் தெரியாத கீரை

பெரிய நகரம் ஒன்றின் ஓரத்தில், ஒரு வாடகை வீட்டுப் பின்பக்கம், ரெண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண் கிடந்தது. முன்பு அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகை இருந்தது. கொட்டகைக்காரர் காலி செய்தபோது தகரத்தையும் ஆணியையும்கூட விடாமல் கழற்றிக்கொண்டு போனார். சிந்திய ஈயத்தை மட்டும் மண்ணிலேயே விட்டுவிட்டார்.

இதெல்லாம் தெரியாமல் சுகுணா அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தாள். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. ஒரு பக்கம் தண்டுக்கீரை விதையைத் தூவினாள். அதை ஒட்டியே அவரையை ஊன்றினாள்.

கீரை முளைத்து வேரை இறக்கியதும் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"வாம்மா. நான் இங்க பழைய குடித்தனம். பேரு ஈயம்."

"உங்களப் பாத்தா தண்ணி மாதிரியும் இல்ல, எரு மாதிரியும் இல்லையே" என்றது கீரை.

"எனக்கு வாசனை கிடையாது. யாருக்கும் தொந்தரவு தரமாட்டேன். உள்ள ஒரு ஓரமா இடம் குடுத்தா போதும்."

கீரை இடம் கொடுத்தது. உள்ளே வந்த பிறகுதான் எரிச்சல் தெரிந்தது. ஆனால் என்ன செய்வது? ஆசையாக விதை போட்டவள் காலையில் வந்து பார்க்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதா? வந்ததையெல்லாம் விழுங்கி, தண்டிலும் இலையிலும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தளதளவென்று நின்றது.

அவரைக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. இலையெல்லாம் மஞ்சள் ஓடியது. வைத்த பூவும் உதிர்ந்தது.

"ஏண்டி, ஒரே மண்ணு, ஒரே தண்ணி. உனக்கு மட்டும் என்ன நோவு?" என்று கேட்டது கீரை.

"வேரு எரியுது. எரியுதுன்னு காட்டறேன்."

"காட்டி என்ன ஆகப்போவுது? இளக்காரமாத்தான் பாப்பாங்க. என்னைப் பாரு."

"உன்னைத்தான் பாக்கறேன். உனக்கு எரியலையா?"

கீரை காற்று வந்ததுபோல் இலையை ஆட்டிக்கொண்டது.

சுகுணாவின் ஒரே மகள் மோனிஷா. அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளை. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு எஸ்தர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பேச்சை எடுத்தாள்.

"ஏன் சுகுணா, பிள்ளை கண்ணு இப்படி வெளுத்துக் கிடக்கு? ரத்தம் இல்லபோல."

"அதான்க்கா எனக்கும் கவலை. ஒரு வாய் சோறு வாங்க மாட்டேங்குது."

"கீரையக் கடைஞ்சு நெய் ஊத்திக் குடு. தினமும் குடு. மார்க்கெட் கீரை வேணாம், எந்தச் சாக்கடைத் தண்ணியில விளைஞ்சதோ."

"மார்க்கெட்டுக்கு எதுக்குப் போறேன்? நம்ம கீரை எப்படி நிக்குது பாருங்க."

இதைக் கேட்டதும் கீரைக்கு உச்சி குளிர்ந்தது. பட்ட பாட்டுக்குப் பலன் வந்துவிட்டது என்று நினைத்தது.

"சந்தோஷம்மா" என்றது ஈயம், உள்ளேயிருந்து. "நானும் பிள்ளையப் பாத்த மாதிரி இருக்கும்."

"நீங்க எங்க வர்றீங்க?"

"நீ போற இடத்துக்கு. உன் இலையிலதானே இருக்கேன்? உன்னக் கடையும்போது என்னையும் சேத்துத்தான் கடைவாங்க."

"அந்தச் சின்ன வயித்துல போய் என்ன செய்வீங்க?"

"இங்க செய்யறதத்தான். ரத்தத்துல ஏறுவேன், எலும்புல தங்குவேன். ஒரு தடவ உக்காந்தா லேசுல எழுந்திரிக்க மாட்டேன்."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. எவ்வளவு வந்தாலும் உள்ள வச்சுக்கிட்டே. நல்ல மனசுன்னு நினைச்சேன்."

கீரை அவரையின் பக்கம் திரும்பியது. "அக்கா, மஞ்சளாவறது எப்படின்னு எனக்குச் சொல்லு." அதுவரை அவரையை அது அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"அதுல என்னடி சொல்லித் தர்றதுக்கு இருக்கு? எரியறத மறைக்காத, அவ்வளவுதான்."

கீரை முயன்று பார்த்தது. ஓர் இலையையாவது வாடவைக்கப் பார்த்தது. முடியவில்லை. மறைத்து மறைத்தே பழகிவிட்ட உடம்பு அது. பதற்றத்தில் இன்னும் பச்சையாகத்தான் தெரிந்தது.

அதற்குள் சுகுணா அரிவாள்மணையை வாசல்படியில் வைத்துவிட்டுக் கத்தியோடு வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் புருஷன் ஏழுமலை வந்தான்.

"இந்நேரத்துல கத்தியோட எங்க?"

"பாப்பாவுக்குக் கீரை கடையலாம்னு."

"விளக்கு வைக்கற நேரத்துல யாராவது கீரை அறுப்பாங்களா? ராத்திரியில கீரை ஆகாதுன்னு எங்க வீட்டுல சட்டியையே தொடமாட்டாங்க. காலைல செய்."

"உங்க வீட்டுல எதுதான் ஆவும்?" என்றாள் சுகுணா. ஆனாலும் கத்தியைக் கீழே வைத்தாள். மனதுக்குள் அவளுக்கும் அந்தப் பயம் உண்டு. "சரி, வந்ததுக்கு இந்தச் சீக்கு அவரையவாவது பிடுங்கிப் போடறேன். நல்ல கீரைக்கும் நோவு ஒட்டிக்கும்போல."

அவரைக் கொடியின் அடியில் அவள் கை வைத்தாள்.

இத்தனை நாளாக எந்த அவரையைக் கேலி செய்ததோ, அதை விட்டால் உண்மையைச் சொல்ல அந்த மண்ணில் வேறு வாய் இல்லை என்று கீரைக்குத் தெரிந்தது. தன் வேரால் அவரையின் வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. சுகுணா இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி இழுத்தாள். மண் பெயர்ந்தது. அவரையோடு கீரையும் சேர்ந்து மேலே வந்தது.

சுகுணா கீரையைத் தூக்கிப் பார்த்தாள். மேலே அத்தனை பச்சை. கீழே வேர் வளராமல், கருகி, எரிந்த திரியைப்போல் முட்டுமுட்டாக இருந்தது.

"அக்கா, இங்க வாங்களேன்" என்று எஸ்தரைக் கூப்பிட்டாள். "இது என்ன, வேரு இப்படி?"

எஸ்தர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். "கொட்டகை இருந்தப்ப இங்க ஒரு முருங்கை நின்னுது. அது விழுந்தப்ப அதோட வேரும் இப்படித்தான் இருந்துச்சு."

"என்ன கொட்டகை?"

"பேட்டரி உருக்கற கொட்டகை. அதான் எடுத்துட்டுப் போயிட்டாங்களே, அதோட ஈயமும் போச்சுன்னு நினைச்சேன் சுகுணா. கடவுளே, நானே குடுன்னு சொன்னேனே."

சுகுணா கீரையைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். "நல்லவேளை, ஒரு வாய்கூட ஊட்டல" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் ஏழுமலை மண்ணிலும் கீரையிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு விவசாயக் கல்லூரிக்குப் போனான். சுகுணா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவள் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை.

"ஈயம் எதுவும் ஏறலம்மா" என்றார் டாக்டர். "வயித்துல பூச்சி. மாத்திரை தர்றேன். அந்த மண்ணுல மட்டும் விளையாட விடாதீங்க."

பூச்சி என்றதற்கு ஒரு தாய் அப்படிச் சிரித்து அந்த டாக்டர் பார்த்திருக்க மாட்டார். வெளியே வந்து தூணில் சாய்ந்து அழுது தீர்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். பிள்ளை அதை முழுதும் தின்றது.

மண்ணைச் சோதித்துவிட்டுக் கல்லூரியிலிருந்து வந்த அம்மாள், பிடுங்கித் தண்ணீரில் போட்டு வைத்திருந்த செடிகளைத் திரும்ப அதே மண்ணில் ஊன்றச் சொன்னாள். "இந்தக் கீரை ஈயத்தை இழுக்குது, இழுக்கட்டும். முத்தினதும் நாங்களே வந்து எடுத்துட்டுப் போறோம். அவரையும் இருக்கட்டும், மண்ணு எப்படி இருக்குன்னு அது காட்டும். ஆனா ஒரு இலைகூட யாரும் வாயில வைக்கக் கூடாது."

சுகுணா ஓர் அட்டையில் "பறிக்காதீர், விஷம்" என்று எழுதிக் கட்டினாள்.

"ஆடு வந்து படிச்சுப் பாக்குமா?" என்றாள் எஸ்தர். பிறகு அவளே முள்ளை வெட்டி வந்து சுற்றிலும் அடைத்தாள்.

எல்லோரும் உள்ளே போனார்கள். வீட்டுக்குள் மோனிஷா இன்னும் கொஞ்சம் சோறு கேட்பது வெளியே கேட்டது.

"இப்ப எப்படிடி இருக்கு?" என்றது அவரை.

கீரை இலையை ஆட்டவில்லை.

"ரொம்ப எரியுதுக்கா" என்றது. சொல்லிவிட்டு, முளைத்த நாளிலிருந்து முதல் தடவையாக, நிம்மதியாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.