மண்டி நகராத மூன்று நாள்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஓர் அரசருக்குத் தம் மீசையால் பெரிய அவமானம் நேர்ந்தது. அயல்நாட்டுத் தூதருக்கு விருந்து நடந்தது. அரண்மனையின் அரிசிக் கள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டு அரசர் நிமிர்ந்தார். கள்ளில் மிதந்த வெள்ளை மண்டி முழுவதும் மீசையில் அப்பியிருந்தது. தூதர் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அரசரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கள் சமைக்கும் வெள்ளச்சியைச் சபைக்கு வரவழைத்தார்.

"இன்னும் மூன்று நாளில் என் கள் கண்ணாடிபோல் தெளிய வேண்டும். தவறினால் குடங்களோடு நாட்டைவிட்டுப் போய்விடு."

மடைப்பள்ளி அதிகாரி விடங்கர் எழுந்தார். வெள்ளச்சியின் வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கித் தரத் துடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"அரசே, துணியில் வடித்தால் மணம் போய்விடும். மண்டியோ அடுத்த கள் புளிப்பதற்கு விதை, அதை அள்ளி எறியவும் கூடாது. ஆகவே மண்டி குடத்தைவிட்டு நகராமலே கள் தெளிய வேண்டும் என்று ஆணையிடுங்கள்."

அரசருக்குக் கள்ளைக் குடிக்கத் தெரியுமே தவிர, சமைக்கத் தெரியாது. அப்படியே ஆணையிட்டார்.

அழுதுகொண்டே வெளியேறிய வெள்ளச்சியை, அவை விகடகவி குழைக்காதர் வாசலில் நிறுத்தி விசாரித்தார்.

"அசைக்காம மூணு நாள் வெச்சா மண்டி தானா அடியில தங்கிடும் சாமி. ஆனா மடைப்பள்ளியார் தினமும் சோதிக்கிறேன்னு வந்து, அகப்பையை விட்டுக் கலக்கிட்டுப் போறார். நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

குழைக்காதருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் மிகவும் பணிவாகப் பேசுவார். நேரே அரசரிடம் போய்க் கைகூப்பினார்.

"அரசே, வெள்ளச்சி தோற்றால் நானும் அவளோடு நாட்டைவிட்டுப் போகிறேன். குடத்துக்குக் காவலாக நம்பிக்கையான ஒருவர் மட்டும் வேண்டும். விடங்கரைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? குடம் அசைந்தால் அவரும் எங்களோடு வரட்டும்."

"நல்ல யோசனை" என்றார் அரசர். விடங்கரின் முகம் வெளுத்தது.

குழைக்காதர் சொன்னபடி வெள்ளச்சி புதுக் குடம் ஒன்றின் வயிற்றில் துளையிட்டு, மரமுளையால் அடைத்து, கள்ளை நிரப்பினாள். ஈரமணலில் அடிப்பாகம் புதைய அதை வைத்தாள். இத்தனை தாழ்வான குடத்தைக் காக்க வேண்டுமென்றால் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும். விடங்கர் மண்டியிட்டார். பூனை வந்தால் எழுந்து விரட்டவும் பயம். மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் விட்டார்.

மூன்றாம் நாள் அரசர் வந்தார். குழைக்காதர் முளையைப் பிடுங்கினார். பொற்கிண்ணத்தில் விழுந்த கள்ளில் அரசர் தம் மீசையை முடி முடியாக எண்ணலாம் போலிருந்தது.

"அரசே, ஏமாறாதீர்கள்" என்றார் விடங்கர். "மண்டி முழுவதும் இன்னும் குடத்தில்தான் இருக்கிறது. இவர்கள் எதையும் நீக்கவில்லை."

"மண்டி நகரக் கூடாது என்பதுதானே ஆணை?" என்றார் குழைக்காதர். "மண்டி நகரவில்லை. கள்தான் நகர்ந்தது."

அரசர் வியந்தார். "மூன்று நாளும் குடம் அசையவே இல்லையா?"

"எப்படி அசையும் அரசே? உள்ளே கள் போட்ட மண்டி, வெளியே விடங்கர் போட்ட மண்டி. இரண்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை."

அரசர் சிரித்த சிரிப்பில் கள் மீசையெல்லாம் தெறித்தது. துடைத்துப் பார்த்தார், ஒரு பொட்டு மண்டி இல்லை. குழைக்காதருக்குத் தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். வெள்ளச்சிக்கு ஆயுள் முழுவதும் அந்த வேலையும், கள்ளறைச் சாவியும் கிடைத்தன.

"இனி ஒவ்வொரு குடத்துக்கும் விடங்கரே காவல்" என்றார் அரசர்.

அரசர் தரும் பதவிக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? விடங்கர் மண்டியிட்டார். முழங்காலுக்கு அது நன்றாகவே பழகியிருந்தது.