கூட்டுக்குள் போகாத கோழிகள்

பூதி சந்தையிலிருந்து வந்த கோழி. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம் என்பதால் அந்தப் பெயர். மரியபுஷ்பம் அதைக் கூடையில் கொண்டுவந்து, காட்டோரத்தில் இருந்த தன் வீட்டுக் கோழிக்கூட்டில் மற்ற கோழிகளோடு விட்டாள்.

வீட்டுக்கு எசமானி மரியபுஷ்பம்தான். ஆனால் கூட்டுக்குள் செவலை என்ற சிவப்புப் பெட்டை வைத்ததே சட்டம். செவலை கொத்தினால் மற்ற கோழிகளும் கொத்தும். கீரிப்பிள்ளை நிறத்தில் இருந்த கீரிச் சேவல்கூட அதைப் பகைத்துக்கொள்ளாது.

பூதி வந்து சில வாரங்கள் போயிருக்கும். கோழிகளுக்கு அரிப்பு ஆரம்பித்தது. விடிந்ததிலிருந்து சிறகைக் கோதிக் கோதி ஓய்ந்துபோயின. கொண்டைகள் வெளுத்தன. முட்டை குறைந்தது. இட்ட முட்டைகளின் ஓட்டிலும் பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை.

ஒன்றின் சிறகை மற்றொன்று விலக்கிப் பார்த்தது. பட்டப்பகலில் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. என்னவென்று தெரியாத நோய் என்றானதும் எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, பூதியின் கழுத்தில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரிந்தது. செவலை அதைப் பார்த்துவிட்டது.

"இவ வர்றதுக்கு முந்தி நமக்கு இந்த அரிப்பு இருந்துச்சா?" என்று கேட்டது.

அன்று மாலை பூதி கூட்டு வாசலுக்கு வந்தபோது செவலை முதல் கொத்துக் கொத்தியது. பிறகு மற்றவை கொத்தின. பூதி எதிர்த்து நிற்கவில்லை. சந்தையில் எத்தனையோ கோழிகளோடு கிடந்ததுதானே, ஒருவேளை நோய் தன்னோடுதான் வந்துவிட்டதோ என்று அதற்கே சந்தேகமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய், கொய்யா மரத்தில் ஏறி அடைந்தது.

மரத்தில் குளிர் வாட்டியது. மரநாய் வந்துவிடுமோ என்று இலை அசைந்தாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் நாளாக ஆக ஓர் அதிசயம் நடந்தது. பூதிக்கு அரிப்பு குறைந்தது. அடுப்புச் சாம்பல் கொட்டும் குழியில் தினமும் புரண்டு, சாம்பலைச் சிறகுக்குள் அள்ளிப் போட்டு உதறிக்கொள்ளும். கழுத்தில் புது இறகு முளைத்தது. கொண்டை செம்பருத்தி மாதிரிச் சிவந்தது.

கூட்டுக்குள்ளோ நிலைமை மோசமானது. செவலை அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் தீனியைக் கண்டும் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே கண் சொருகின. ஒரு காலை, அவற்றில் ஒன்று எழுந்திருக்கவே இல்லை.

செவலை அந்தக் குஞ்சை விட்டு நகரவில்லை. வெயில் ஏறியும் அங்கேயே நின்றது. பூதி சாம்பல் குழியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. தன்னைக் கொத்தி விரட்டிய அதே அலகு, இப்போது குஞ்சைப் புரட்டிப் புரட்டி எழுப்பப் பார்த்தது.

கடைசியில் செவலை, மிச்சமிருந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பூதியிடம் வந்தது.

"இந்த அரிப்பு உன்னாலதான் வந்துச்சுன்னு விரட்டினேன்" என்றது. "நீ போன பிறகும் எங்களை விடலை. உன்னை மட்டும் விட்டுருச்சு. எப்படின்னு தெரிஞ்சா சொல்லு."

பூதியின் வாய் வரை என்னென்னவோ வந்தது. அத்தனையும் விழுங்கிக்கொண்டு அது யோசித்தது.

"சாம்பல்ல குளிக்கிறேன். ஆனா நீங்களும் மண்ணுல புரளத்தான் செய்றீங்க" என்றது. "நான் கூட்டுல அடையறதில்லை. அதுதான் வித்தியாசம். வா, கூட்டைப் பார்ப்போம்."

இரண்டும் போய், கோழிகள் அடையும் கம்பைச் சுற்றிப் பார்த்தன. கம்பு பலகையில் செருகியிருந்த இடத்தில் ஓர் இடுக்கு. பூதி அதில் ஒரு கொத்துக் கொத்தியது. மரத்தூள் உதிர்வது போல ஏதோ கொட்டியது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் பூச்சி! கடுகைவிடச் சின்னவை, ரத்தம் குடித்துச் சிவந்த செள்ளுப் பூச்சிகள். பகலெல்லாம் இடுக்கில் பதுங்கிக் கிடந்துவிட்டு, கோழிகள் அடைந்து கண்ணயர்ந்ததும் ஏறி வந்து ரத்தம் குடித்துவிட்டுப் போயிருக்கின்றன. கோழிகளின் உடம்பில் தேடினால் எப்படி அகப்படும்?

கீரிச் சேவல் ஓடி வந்து, எல்லாவற்றையும் கொத்தித் தின்றுவிடலாம் என்றது. தின்னத் தின்ன இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தன.

"நம்ம அலகு உள்ளே நுழையாது. மரியபுஷ்பம் பார்த்தாத்தான் உண்டு" என்றது பூதி. அவளுக்கு நம் பேச்சு புரியாதே என்று சேவல் கவலைப்பட்டது. இன்று மாலை யாரும் கூட்டுக்குள் போகாமல் இருந்தால் அவளுக்குப் புரிந்துவிடும் என்றது பூதி.

செவலை குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. "குஞ்சுகளுக்கு மரம் ஏறத் தெரியாது. வெளியே இருந்தா மரநாய் விடாது."

"நான் மரத்துக்குப் போகலை. கீழே உன் பக்கத்துல இருக்கேன். பாதிக் குஞ்சை என் சிறகுக்குள்ள விடு."

செவலை பூதியை நிமிர்ந்து பார்த்தது. "உனக்கு என்மேல கோபம் இல்லையா?"

"இருக்கு. குஞ்சுக மேல இல்லை."

பொழுது சாய்ந்தது. மரியபுஷ்பம் கூட்டை அடைக்க வந்தாள். ஒரு கோழியும் உள்ளே போகவில்லை. கொய்யா மரத்தடியில் செவலையும் பூதியும் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மற்றவை சுற்றி நின்றன. அவள் கூப்பிட்டாள், விரட்டினாள், பிடித்துப் பிடித்து உள்ளே விட்டாள். ஒன்றை விடுவதற்குள் இன்னொன்று வெளியே வந்தது. உள்ளே பாம்பு கிடக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தாள். பாம்பு இல்லை. கையை விட்டுக் கம்பை உருவி எடுத்தாள். முழங்கை வரை செள்ளு ஊர்ந்தது.

"இதுக்குள்ளயா உங்களைத் தினம் போட்டு அடைச்சேன்?" என்று கையை உதறிக்கொண்டே கேட்டாள்.

அன்று அத்தனை கோழிகளையும் வீட்டுக்குள் பஞ்சாரக் கூடைகளால் கவிழ்த்து மூடினாள். மறுநாள் கூட்டிலிருந்த வைக்கோலை எரித்தாள். கொதிக்கும் தண்ணீரை இடுக்கு இடுக்காக ஊற்றினாள். கூடு நன்றாகக் காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தாள். கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மருந்தை, அவர் சொன்ன அளவிலேயே கோழிகளுக்குப் போட்டாள். தப்பிய செள்ளு முட்டைகள் பொரித்துவிடும் என்று அவர் எச்சரித்திருந்ததால், அடுத்த வாரமும் அதே வேலையைச் சலிக்காமல் செய்தாள். பிறகுதான் கோழிகளைக் கூட்டில் விட்டாள். அதன்பின் அடிக்கடி கம்பை உருவிப் பார்ப்பது அவள் வழக்கமானது. புதிதாக வாங்கும் கோழியைத் தனியாகக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்த்தாள்.

கொண்டைகள் மெல்லச் சிவந்தன. குஞ்சுகள் இரண்டு கோழிகளின் பின்னாலும் ஓடின. எது தாய் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

அந்தச் செள்ளு பூதியோடு வந்ததா, முன்பே கூட்டில் இருந்ததா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. செவலை அதைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லை. இறந்த குஞ்சின் நினைவு வரும்போதெல்லாம், பழி சொல்லித் திரிந்த அந்த நாட்களில் ஒரு தடவை கூட்டைக் கவனித்துப் பார்த்திருக்கலாமே என்றுதான் அதன் மனம் வலிக்கும்.

துன்பம் வரும்போது அது யாரால் வந்தது என்று பழி தேடுவதை விட்டு, எங்கே ஒளிந்திருக்கிறது என்று சேர்ந்து தேடுகிறவர்களே அதிலிருந்து மீள்வார்கள்.