பொந்துக்குள் இருந்த பெரியவர்

ஒரு சதுப்பு நிலத்தின் நடுவே ஓர் ஆலமரம் நின்றது. அந்தச் சதுப்பில் கால் வைத்தால் முழங்கால் வரை சேறு இழுக்கும். மீதியை முதலை இழுக்கும். அதனால் முயலும் கீரியும் அணிலும் அக்கரைக்குப் போக வான்வழி ஒன்றுதான் வழி. கூடையில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு நாரைகள் தூக்கிக்கொண்டு பறக்கும்.

பறப்பது நாரைகள். கூடையைப் பின்னிச் செப்பனிடுவது தூக்கணாங்குருவிகள். மூட்டை ஏற்றுவது காக்கைகள். பனிமூட்டத்தில் கத்திக் கத்தி வழி சொல்வது ஆட்காட்டிகள். நான்கு வேலைக்கு நான்கு சங்கம். ஒரு சங்கத்தார் இன்னொரு சங்கத்தாரின் கிளையில் உட்காரக்கூட மாட்டார்கள். அவ்வளவு பெருமை!

எல்லோருக்கும் ஒரே முதலாளி. ஆலமரத்துப் பொந்துக்குள் இருந்தார். பெரியவர் என்று அழைத்தார்கள். அவரை யாரும் பார்த்ததில்லை. மெல்லிய, குளிர்ந்த குரல் மட்டும் கேட்கும். பயணிகள் கூலியாக வைக்கும் மீன்கள் பொந்து வாசலில் கிடக்கும். திரும்பிப் பார்த்தால் இருக்காது.

பொந்துக்குத் திசைக்கு ஒன்றாக நான்கு வாசல்கள். சங்கத்துக்கு ஒரு வாசல். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் சங்கத் தலைவர் தன் வாசல் வழியாகத் தனியே உள்ளே போய்ப் பேச வேண்டும். அதுதான் வழக்கம். காக்கைகளுக்குச் சித்திரை, ஆட்காட்டிகளுக்கு ஆடி, நாரைகளுக்கு ஐப்பசி, குருவிகளுக்குத் தை. இரண்டு சங்கங்களின் ஒப்பந்தம் ஒரே மாதத்தில் முடிந்ததே இல்லை. அது தற்செயல் என்று நினைத்தார்கள், பாவம்.

போன தை மாதம் குருவிகளின் தலைவர் ஈர்க்கன் உள்ளே போனார். பத்துக் கூடைக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும் என்று கேட்கப் போனார். அவர் மனைவி பின்னி வாசலில் காத்திருந்தாள். நடுப்பகலிலும் பனி விலகாத நாள் அது. வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"ஈர்க்கன் ஒத்துக்கொண்டார். குருவிகளுக்கு ஓய்வு தேவையில்லையாம். வேறொரு வாசல் வழியாகப் போய்விட்டார்."

அதற்குப் பிறகு பின்னி அவரைப் பார்க்கவில்லை. வெட்கப்பட்டு எங்கோ போய்விட்டார் என்றார்கள் மற்றக் குருவிகள். அவளும் அப்படியே நம்பினாள். நம்பாவிட்டால் வேறு எதையோ நினைக்க வேண்டியிருந்தது.

ஒரு வருடம் ஓய்வில்லாமல் பின்னினார்கள். களைத்த அலகு போடும் முடிச்சு எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் நடுவழியில் ஒரு கூடையின் அடி பிரிந்து, குட்டி முயல் ஒன்று கீழே விழுந்தது. சேற்றில் ஒரு குமிழி வந்தது. அவ்வளவுதான். அந்த முடிச்சைப் போட்டவள் பின்னி. அன்றிலிருந்து அவளுக்கு இரை இறங்கவில்லை.

மறுபடியும் தை பிறந்தது. இந்த முறை உள்ளே போகப் பின்னியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் அவள் நாரைகளின் தலைவர் நெடுங்காலரிடம் போனாள்.

"ஐயா, நாளைக்கு நான் உள்ளே போகணும். ஓய்வு குடுக்கலேன்னா வேலையை நிறுத்தப் போறோம். நீங்களும் எங்ககூட நிக்கணும்."

நெடுங்காலர் ஒற்றைக்காலில் நின்றபடியே கேட்டார். "எங்க ஒப்பந்தம் முடிய ஐப்பசி ஆகும். அதுவுமில்லாம நீங்க நூறு பேரு, நாங்க இருபது பேரு. எல்லாரும் ஒரே சங்கமாயிட்டா எங்க றெக்கை வலியை யாரும்மா கேப்பாங்க?"

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. நிறையத் தலைக்கனமும் இருந்தது.

காக்கைகளின் தலைவன் சாம்பன் தலையைச் சொறிந்தான். "மத்தவங்க நிறுத்தினாலும் நாங்க நிறுத்த மாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கோம் தங்கச்சி. என்ன செய்ய?" அவன் நல்லவன்தான். இந்த மாதிரி நல்லவர்களின் வாக்கில்தான் பெரியவரின் பிழைப்பு நடந்தது.

கடைசியாக ஆட்காட்டிகளின் தலைவி கூவியிடம் போனாள்.

"எங்க பழைய தலைவர் இருந்திருந்தா நல்ல யோசனை சொல்லியிருப்பாரு" என்றாள் கூவி. "ஆடி மாசம் உள்ளே போனவரு, குருவி வாசல் வழியா வெளியே போயிட்டாருன்னு பெரியவர் சொன்னாரு. நீ பாத்திருப்பியே பின்னி, எந்தப் பக்கம் போனாரு?"

பின்னி தலையை ஆட்டினாள். "எங்க வாசல் வழியா யாரும் வரலையேக்கா. எங்க வீட்டுக்காரர் உங்க வாசல் வழியா வந்தாரா?"

"இல்லையே."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். கீழே பொந்தின் வாசல் இருட்டாகத் திறந்து கிடந்தது.

அவர்கள் காக்கைகளின் கிளைக்குப் போனார்கள். சாம்பனின் அண்ணன் சித்திரையில் உள்ளே போனவர். நாரை வாசல் வழியாகக் கிளம்பிவிட்டதாகச் சாம்பனுக்குத் தகவல். மூவரும் நெடுங்காலரிடம் போனார்கள். நெடுங்காலர் மடக்கிய காலைக் கீழே ஊன்றினார்.

"சித்திரை முழுக்க எங்க வாசல்ல நான்தான் நின்னேன். யாரும் வரலை" என்றார். பிறகு சாம்பனைப் பார்த்தார். "ஐப்பசியில எங்க அப்பா போனாரு. அவருக்கு முன்னாடி பெரியப்பா. ரெண்டு பேரும் காக்கை வாசல் வழியா..."

"எங்க வாசல் வழியாவும் யாரும் வரலைங்க" என்று சாம்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பக்கத்துப் பக்கத்துக் கிளையில இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை கேக்காம இருந்திருக்கோமே" என்று கூவி அழுதாள்.

மறுநாள் மாலை குரல் அழைத்தது. "பின்னி, உள்ளே வா. தனியாக வா."

"வர மாட்டேன். நீங்க வெளியே வாங்க."

அடிமரம் மெல்ல முனகியது. உள்ளே பெரிதாக ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. இப்போது குரல் நாரை வாசலில் கேட்டது. "நெடுங்காலரே, உங்கள் கூட்டத்துக்கு மட்டும் இரட்டை ஓய்வு தருகிறேன். குருவிகளை விட்டுவிடுங்கள்."

முன்பெல்லாம் ஒரு வாசலில் சொன்னது அடுத்த வாசலுக்குக் கேட்காது. இன்று வாசலுக்கு ஓர் ஆட்காட்டி உட்கார்ந்திருந்தது. அது அந்த ஆசை வார்த்தையை அப்படியே சதுப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

நெடுங்காலர் கண்ணை மூடினார். அவருடைய வலது இறக்கையில் நாள்பட்ட வலி. இரட்டை ஓய்வு என்றால் சும்மாவா? எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"எங்களுக்கு வேண்டாம்" என்றார் மெதுவாக. பிறகு பக்கத்திலிருந்த ஆட்காட்டியிடம் திரும்பினார். "அதையும் கத்திச் சொல்லும்மா."

அன்றே எல்லா வேலையும் நின்றது. காக்கைகள் முள் கொண்டுவந்து குவித்தன. குருவிகள் அந்த முள்ளை நாரோடு சேர்த்துப் பின்னி மூன்று வாசல்களை அடைத்தன. நான்காவது வாசலில் நாரைகள் அலகை நீட்டிக்கொண்டு நின்றன. கரையில் பயணிகள் முணுமுணுத்தார்கள். விழுந்துபோன குட்டி முயலின் தாய் அவர்களை அதட்டி உட்கார வைத்தாள். ஒரு மீன்கூடப் பொந்துக்குப் போகவில்லை.

வேறு நாரைகளைக் கொண்டுவருவேன் என்றது குரல். அவற்றுக்குக் கூடை பின்னித் தர யாரும் இல்லை. வேறு குருவிகளைக் கொண்டுவருவேன் என்றது. அந்தக் கூடையைத் தூக்க யாரும் இல்லை. ஐந்தாம் நாள் குரல் கெஞ்சியது. ஆறாம் நாள் நின்றுபோனது.

ஏழாம் நாள் வெள்ளைப் பனிக்குள் பெரியவர் வெளியே வந்தார். முதலில் தலை. பிறகு உடம்பு, உடம்பு, மேலும் உடம்பு. ஒரு கிழ மலைப்பாம்பு. பசியில் தோல் தொங்கியது. யாரையும் பார்க்காமல் அலகுகளுக்கு நடுவே ஊர்ந்து சதுப்புக்குள் இறங்கியது. வால் மறைய வெகுநேரம் ஆனது.

பின்னி உள்ளே போனாள். இந்த முறை மற்ற மூன்று தலைவர்களும் கூடவே போனார்கள். தரையில் இறகுகள் குவிந்து கிடந்தன. வெள்ளை, கறுப்பு, பழுப்பு, மஞ்சள். வெளியே ஒரே கிளையில் உட்காராத நான்கு கூட்டமும் அங்கே ஒரே குவியலாகக் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மஞ்சள் இறகைப் பின்னி தேடி எடுத்தாள். "வாங்க, போகலாம்" என்று அதனிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து அங்கே ஒரே சங்கம். நாரையின் வலியை நாரைதான் முதலில் எழுந்து சொல்லும். அதற்கு வழி தேட எல்லோரும் கூடுவார்கள். பத்துக் கூடைக்கு ஒரு முறை குருவிகள் இளைப்பாறுகின்றன. அதன் பிறகு எந்தக் கூடையின் அடியும் பிரியவில்லை.

தொழில் நான்கானாலும் முதலாளி ஒருவர் என்றால் சங்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். தனித்தனியாகப் பேசப் போகிறவர்கள் தனித்தனியாகவே காணாமல் போவார்கள்.