மூலை அறையின் ஒற்றை மணி

கதையின் முடிவில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன். ஆகவே, யார் எதை அறிந்திருந்தார், யார் எதை அறியவில்லை என்பதில் கண்ணாக இருங்கள்.

கரிசல் நிலத்துச் சிறு நகரொன்றில் மருத்துவர் சங்கரபாண்டியனின் மருத்துவமனை இருந்தது. மேல்தளத்து அறைகளுக்கு ஏசி வைத்த பின்னர், செவிலியரை அழைக்கும் மணிக்கான பொத்தானையும் ஒவ்வொரு கட்டிலருகே பொருத்த அவர் விரும்பினார். மின்பணியாளர் அந்தோணிராஜ் தயங்கினார்.

"மணி வயர் சின்ன வோல்டேஜ், டாக்டர். ஏசி வயர் போற பைப்புலயே விடக் கூடாது. தனி பைப் போடணும்."

"டைல்ஸ் ஒட்டுன ஈரம்கூடக் காயலை. அதை உடைக்கச் சொல்றீங்களா? இருக்கிற பைப்புல இழுங்க."

அந்தோணிராஜ் இழுத்தார்.

அதன் பிறகு, மூலை அறையில் எவரும் பொத்தானைத் தொடாமலே, வெளியே செவிலியர் மேசையருகே அவ்வறையின் மணி அடிக்கத் தொடங்கியது. செவிலியர் ஓடிச் சென்று பார்த்தால் நோயாளி உறங்கிக்கொண்டிருப்பார். அந்தோணிராஜ் வந்து ஆராய்ந்தார். தலைமைச் செவிலியர் எஸ்தரிடம் மட்டும் காரணத்தைச் சொன்னார். ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம், கடைசி அறைவரை நெடுந்தூரம் உடன் செல்லும் மணிக்கம்பியிலும் ஓர் அதிர்வு ஏறுகிறது. மணி ஒரு முறை அடித்து ஓய்கிறது. சுவரை உடைத்தாலொழிய இது தீராது.

சுவர்ப் பேச்சை மருத்துவரிடம் எடுக்க எஸ்தர் அஞ்சினார். தாமாகவே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்.

"மூலை ரூம் மணி சும்மா சும்மா அடிக்கும். ஒரு தடவை அடிச்சா ஓடாதீங்க. மறுபடி அடிச்சா மட்டும் போங்க."

"ஏன் சிஸ்டர் அப்படி அடிக்குது?" என்று கேட்டாள் இளம் செவிலி மாரீஸ்வரி.

"ஏன், எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகப்போறியா?"

எல்லோரும் சிரித்தனர். மாரீஸ்வரியும் சிரித்துவைத்தாள்.

அந்த மூலை அறைக்குத் தலைசுற்றல் நோயோடு வந்து சேர்ந்தார் ஆவுடையப்பன் என்னும் முதியவர். ஒரு வாய் தண்ணீர் கேட்பதற்கும் கூசுகிறவர். எஸ்தர் எல்லா நோயாளிகளிடமும் சொல்வதையே அவரிடமும் இன்முகத்தோடு சொன்னார்: "தனியா எந்திரிக்காதீங்க ஐயா. இதை ஒரு தடவை அழுத்துங்க, ஓடி வந்துருவாங்க."

பராமரிப்புப் பணிக்காக ஊரெங்கும் மின்சாரத்தை நிறுத்திய ஒரு பகலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கும் விசிறியும் மணியும் அதில் இயங்கும், ஏசி இயங்காது. மூலை அறை மணி ஒரு முறை அடித்தது. மாரீஸ்வரி நிமிர்ந்தாள், மறு மணிக்காகக் காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. யாரோ விழுந்த ஓசைதான் கேட்டது.

கழிவறைக்குத் தனியே எழுந்த ஆவுடையப்பனின் இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மருத்துவர் அந்தோணிராஜ், எஸ்தர், மாரீஸ்வரி மூவரையும் அழைத்தார். குற்றவாளி யாரோ அவரை அன்றே வேலையிலிருந்து நீக்குவதாகச் சொன்னார்.

"ஏசியே ஓடலை. அப்ப அடிச்சது நிஜ மணின்னு உனக்குத் தெரிய வேண்டாமா?" என்று சீறினார் எஸ்தர்.

"ஏசியாலதான் அடிக்குதுன்னு இப்பத்தானே சிஸ்டர் சொல்றீங்க?" என்றாள் மாரீஸ்வரி.

"தனி பைப் வேணும்னு அன்னிக்கே நான் சொன்னேன்" என்றார் அந்தோணிராஜ். மருத்துவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்டீர்கள் அல்லவா? கூடாதென்று தெரிந்தும் கம்பியை இழுத்தவர், மறு மணிக்குக் காத்திருக்கச் சொன்னவர், சொன்னபடியே காத்திருந்தவள் ஆகிய இம்மூவரில், முதியவர் விழுந்ததற்கு முதற்பொறுப்பு யாருடையது?

விடை: எஸ்தருடையது. அந்தோணிராஜின் இணக்கமும் மருத்துவரின் பிடிவாதமும் மணியைப் பொய் சொல்ல வைத்தன. அக்குற்றம் அவ்விருவரையும் விட்டு நீங்காது. ஆயினும் ஏசி ஓடாத வேளையில் அடிக்கும் மணி மெய்யானது என்று அறிவதற்கான திறவுகோல், செவிலியர் அனைவரிலும் எஸ்தரிடம் மட்டுமே இருந்தது. அதை அவர் கொடுக்கவில்லை. நோயாளியை ஒரு முறை அழுத்தச் சொன்னவரும், செவிலியரிடம் ஒரு முறைக்கு ஓடாதீர்கள் என்றவரும் அவரே.

ஆனால் மருத்துவர் நீக்கியது மாரீஸ்வரியை. மூலை அறைக்கு விடைபெற வந்தவளிடம், "இன்னொரு தடவை அழுத்தியிருக்கலாம்மா. வேலையா இருப்பியேன்னு விட்டுட்டேன்" என்றார் ஆவுடையப்பன். அப்போது தலைக்கு மேல் ஏசி கிளம்பியது. வெளியே மணி ஒரு முறை அடித்தது. எவரும் வரவில்லை.