குறையே இல்லாத மாப்பிள்ளை

ஒரு ஊரில் மனசு என்றொருத்தி இருந்தாள். கொஞ்ச காலமாக அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. பல் தேய்க்கக்கூட யாராவது கைபிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இப்படியே விட்டால் ஒருநாள் மூச்சு விடவும் சலித்துக்கொள்வாளோ என்று அவளுடைய தாய்மாமனுக்குப் பயம். மாமன் பெயர் சந்தேகம்.

அந்தச் சமயத்தில்தான் டப்பா என்கிற கல்யாணத் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். வழவழப்பான சட்டை, சட்டை முழுக்கச் சிரிக்கிற குடும்பப் படம். மாப்பிள்ளை மாத்திரை, வெள்ளித்தாள் உடுத்தி அவர் வயிற்றுக்குள்தான் உட்கார்ந்திருந்தான். வாய் திறக்கவில்லை. டப்பா திறக்க விட்டால்தானே.

"பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது அண்ணாச்சி. வீட்டுல இருக்கிற இடமே தெரியாது. வேணாம்னா அன்னிக்கே அனுப்பிரலாம்" என்றார் டப்பா.

தரகர் பேச்சை நம்பி யார் பெண் கொடுக்கிறார்கள்? மாப்பிள்ளை இருக்கிற தெருவுக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்தால்தான் சந்தேகத்துக்குச் சோறு இறங்கும். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்தத் தெருவில் மாப்பிள்ளையைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் குடியிருந்தன. எல்லாம் படித்த குடும்பங்கள். முதல் வீட்டு ஆய்வு மோர் கொடுத்து, பையன் தங்கம் என்றது. அடுத்த வீடும் மோர் கொடுத்துத் தங்கம் என்றது. மூன்றாவது வீட்டில் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கம் என்று சொல்லிவிட்டார்கள். சந்தேகம் எத்தனையோ மாப்பிள்ளைகளை விசாரித்தவர். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு நொட்டையாவது சொல்லாத தெருவை அவர் பார்த்ததே இல்லை. துருவிக் கேட்டதில், அத்தனை வீடுகளும் மாப்பிள்ளையின் அப்பா கம்பெனியார் கட்டிக் கொடுத்தவை என்று தெரிந்தது.

தெருக்கோடியில் ஒரு வீடு மட்டும் வெளியே பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாக ஒரு ஆய்வு எட்டிப் பார்த்தது.

"பையன் கெட்டவன் இல்லய்யா" என்றது. "சில பேரைக் கைதூக்கி விட்டிருக்கான், நானே பார்த்தேன். சில பேருக்கு ஒண்ணும் செய்யல. சில பேரு தூக்கத்தைத் தின்னுட்டான். திடீர்னு வெளிய போகச் சொன்னா வீட்டையே உலுக்கிருவான். இதைத்தான் சொன்னேன். அன்னிக்கே பூட்டிட்டாங்க."

சந்தேகம் வீட்டுக்குத் திரும்பி வந்து, திண்ணையில் காத்திருந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டார். டப்பா அசரவில்லை. சிரிப்பு வந்தால் அது பையனின் கைராசி, தூக்கம் போனால் அது பெண்ணின் சுபாவம், அவன் போன பிறகு வீடு ஆடினால் அது பழைய வியாதி திரும்பி வந்திருக்கிறது என்று அடுக்கினார்.

"அப்போ நல்லதுக்கு மட்டும் உங்க பையன், கெட்டதெல்லாம் எங்க பிள்ளை தலையிலயா, வே?"

அப்போது டப்பாவின் மூடி லேசாகத் தூக்கியது.

"மாமா கேட்டு வந்தது நிஜம்தான்" என்றான் மாத்திரை. "முதல்ல கொஞ்சநாள் வயிறு புரட்டும். நான் ஒத்துவராமலும் போகலாம். பக்கத்துல ஒரு ஆள் இருந்து பார்த்துக்கணும். அனுப்புறதா இருந்தா மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா அனுப்புங்க. ஆனா அவங்க எழுந்து உட்கார என்னால ஆகும்னுதான் நினைக்கிறேன்."

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. மனசு ஒரு காலைத் தரையில் வைத்திருந்தாள்.

"இவர் வரட்டும் மாமா" என்றாள். அவள் குரலைக் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

சந்தேகம் குடையை ஓரமாக வைத்தார். சரி என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது. இந்த உண்மையையும் தரகன்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பானோ?

அவர் தயங்குவதைப் பார்த்த டப்பா, மூடியை அமுக்கிவிட்டுக் குரலைக் குழைத்தார். "யாரையும் நம்ப முடியாம இருக்கீங்களே அண்ணாச்சி, அதுவும் ஒரு வியாதிதான். கவலைப்படாதீங்க. மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி இருக்கான், இதுக்குன்னே பிறந்தவன். அவன்கிட்டயும் ஒரு குறை கிடையாது."

சந்தேகம் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

உள்ளே, தரையில் வைத்த காலை மனசு மறுபடி மேலே எடுத்துப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.