வாசகசாலைக்காக ஒரு காகித மலை

“தாயே, செக்கடித் தெருக்காரன் நம்மை முந்திட்டான்!”

மூச்சிரைக்க மடத்துக்குள் ஓடிவந்தார் நல்லபெருமாள். சன்னதித் தெருச் சங்கத் தலைவர். அறுபதைத் தாண்டியவர். அவருடைய குரு ஈசானியம்மைக்கோ அவர் மகள் வயதுதான்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எதிலே முந்தினான்?”

“குப்பையிலே, தாயே!”

“நல்லதுதானே. முந்தட்டும்.”

விடுகிற விஷயமா அது? ஊருக்கு வெளியே ஒரு காகித ஆலை. பழைய தாளைக் கூழாக்கிப் புதுத் தாள் செய்கிற இடம். எந்தத் தெரு அதிகம் பழைய காகிதம் சேர்க்கிறதோ, அந்தத் தெருவில் வாசகசாலை கட்டித் தருவதாக ஆலைக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை எடை.

சன்னதித் தெருவில் வாசகசாலை வராமல் கண்ணை மூடமாட்டேன் என்று பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தவர் நல்லபெருமாள்.

“தெருவிலே ஒரு துண்டுக் காகிதம் மிச்சமில்லை, தாயே. பொட்டலம் மடிக்கத் தாளில்லாம மளிகைக்கடைக்காரன் கடுகை உள்ளங்கையிலே கொட்டி அனுப்புறான். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவங்ககிட்ட பத்திரிகைக் கட்டையே பிடுங்கிட்டோம். வாயாலே அழைச்சுட்டுப் போறாங்க. இன்னும் என்னதான் செய்ய?”

“இந்தக் கீரையிலே பூச்சி இருக்கான்னு பாருங்க.”

அவர் கீரையைப் பார்க்கவில்லை. அவர் கண் அம்மையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது. புத்தக அலமாரி.

“ஆகா!”

“எடுத்துக்கோங்க” என்றாள் அம்மை, திரும்பிப் பார்க்காமலே.

அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு அலமாரி திறந்தது. பெட்டி திறந்தது. பரண் திறந்தது. ஆலைக்கு வெறும் தாள்தான் வேண்டும். அட்டையும் தையலும் ஆகாது. ஆகவே தெருவே உட்கார்ந்து கிழித்தது. அந்தச் சத்தம் கேட்டு அடுத்த ஊரில், இடி இடிக்கிறது என்று காயப்போட்ட வடகத்தை அள்ளி உள்ளே வைத்தார்களாம்.

விடிந்தது. மேலவரிசை வீடுகளுக்கு மட்டும் விடியவில்லை. காகித மலை சூரியனை மறைத்துவிட்டது. அங்கே கோழிகள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கூவின.

லாரி வந்தது. எடைக்காரர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். தொப்பி கழன்று விழுந்தது.

“எடையே போட வேண்டாம். செக்கடித் தெரு உங்க பக்கத்துலேயே நிக்க முடியாது. ஏத்தலாமா?”

தெரு விசிலடித்தது. பட்டாசு வெடித்தது.

மலை உச்சியில் யாரோ இருந்தார்கள்.

“தாயே! அங்கே என்ன பண்றீங்க? இறங்குங்க!”

“சத்தம் போடாதீங்க, பெருமாளய்யா. இங்கே ஒருத்தன் கிணத்துக்குள்ளே தொங்குறான்.”

“எந்தக் கிணத்துலே?”

அம்மை கையிலிருந்த தாளை உரக்க வாசித்தாள்.

“‘கயிற்றில் இன்னொரு இழை அறுந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தவள் அவன் மனைவி அல்ல. அவள் குனிந்து மெல்லச் சொன்னாள்...’”

நிறுத்தினாள்.

“என்ன சொன்னா?” என்று கத்தினார் லாரி டிரைவர்.

“தாள் முடிஞ்சுபோச்சு.”

“அடுத்த தாள்?”

அம்மை தன் காலுக்குக் கீழே இருந்த மலையைக் காட்டினாள்.

“ஏங்க!” கூட்டத்திலிருந்து நல்லபெருமாளின் மனைவி கோமதி கூவினாள். “அது நம்ம வீட்டுப் புஸ்தகம்! வாங்கின நாள்லேருந்து நீங்க பிரிக்கவே இல்லை!”

“நீ படிச்சியா?”

“மூணு தடவை.”

“அவன் பிழைச்சானா?”

“அதை நான் ஏன் சொல்லணும்?”

எடைக்காரர் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டார். “ஐயா, நேரமாகுது. ஏத்தவா, வேண்டாமா?”

நல்லபெருமாள் லாரியைப் பார்த்தார். வாசகசாலைக்கென்று கயிறு கட்டி அளந்து வைத்திருந்த மூலை மனையைப் பார்த்தார். கோமதியைப் பார்த்தார். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

வேட்டியை மடித்துக் கட்டினார். மலைக்குள் பாய்ந்தார்.

தலை மறைந்தது. கால் மறைந்தது. தாள்கள் குலுங்கின, சரிந்தன, பறந்தன. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

மலையின் வயிற்றிலிருந்து குரல் வந்தது.

“கிடைச்சாச்சு! தாயே, கயிறு அறுந்துபோச்சு! ஐயையோ, இதுவும் பாதியிலே நிக்குதே! எல்லாரும் உள்ளே வாங்க! ஏய் லாரிக்காரா, ஒரு தாளை ஏத்தினே, கையை ஒடிச்சுருவேன்!”