ரசச் சொம்பாகாமல் தப்பிய வாத்தியம்

ஆர்கனை வாசிப்பவர் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. படித்தவர்களும் இதில் சேர்த்தி. இந்தப் பிழை இனியும் நீடிப்பது நாட்டுக்கு நல்லதல்ல. எனவே வெண்ணாவல்கோட்டையில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த ஊர் ராஜா குமரசேகரருக்கு ஒரு கப்பல் தலைவன் ஆர்கன் ஒன்றைப் பரிசளித்திருந்தான். ஆளுயர ஈயக் குழல்கள். பின்னால் ஒருவர் நின்று துருத்தியை இயக்கிக் காற்றுக் கொடுக்க, முன்னால் ஒருவர் கட்டைகளை அழுத்த வேண்டும். அழுத்துபவர் சவரிராயன். அவரை அரண்மனைக்குக் கூட்டிவந்தவர் அவை விகடர் திருமேனி.

அன்று சவரிராயன் தோடி வாசித்தார். அரண்மனை வித்துவான் நீலமேக பாகவதர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பாகவதரே?" என்றார் ராஜா.

"தோடியின் எலும்புக்கூட்டை இன்றுதான் பார்த்தேன், மகாராஜா. காந்தாரம் அசைய வேண்டாமா? கமகம் இல்லாத தோடி, புளி இல்லாத ரசம்."

ரசம் என்ற சொல் ராஜாவின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது. வாசலில் நின்ற தலைமைச் சமையற்காரர் குழல்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஈயச் சொம்பு கேட்டு அவர் நெடுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"நாளை சபையில் காந்தாரம் அசைய வேண்டும், திருமேனி. அசையாவிட்டால் குழல்களை உருக்கி ரசச் சொம்பு. உம்முடைய ஆள் ஊர் போய்ச் சேரட்டும்," என்றார் ராஜா.

சவரிராயன் திருமேனியைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயா, கட்டையை அழுத்தினால் குழல் பாடும். விட்டால் நிற்கும். நடுவில் வளைந்து ஆட அதற்கு இடுப்பா இருக்கிறது?"

"ஒருநாளும் ஆடியதில்லையா?"

"துருத்திக்காரன் கள் குடித்துவிட்டு வந்தால் ஆடும். காற்று ஏறி இறங்கும், சுரமும் கூடவே தள்ளாடும். அப்படி வந்தவனை நான்தான் விரட்டினேன்."

"அடடா, நல்ல வித்துவானை விரட்டிவிட்டீரே," என்றார் திருமேனி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. சமையற்காரர் அச்சு வார்ப்பவரையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

திருமேனி எழுந்தார். "மகாராஜா, இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பாட்டில் குறை சொல்பவர், அவருக்குத் தாமே தம்பூரா மீட்ட வேண்டும். அப்போதுதான் சுருதியைக் குறை சொல்ல முடியாது. வழக்கத்தைக் கொண்டுவந்தவர் நம் பாகவதர்."

"இந்தப் பெட்டிக்குத் தம்பூரா எங்கே இருக்கிறது, ஓய்?" என்றார் பாகவதர்.

"இதற்குச் சுருதி காற்றுதானே? துருத்திப் பிடி பின்னால் இருக்கிறது."

பாகவதர் முறைத்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல அவர் முகம் மலர்ந்தது. மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உற்சாகமாகப் பின்னால் போனார். திருமேனிக்கு அந்த உற்சாகம் ஒன்றே போதுமாயிருந்தது.

சவரிராயன் தொடங்கினார். ஸட்ஜமும் ரிஷபமும் வாழைத்தண்டு மாதிரி நேராக நின்றன. காந்தாரத்தில் விரல் விழுந்ததுதான் தாமதம், பின்னால் பாகவதர் பிடியை வெடுக்கென்று இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். காந்தாரம் நெளிந்தது. சவரிராயன் விரலை எடுக்கப் போனார். 'விடாதீர்' என்று திருமேனி கண்ணைக் காட்டினார்.

"பலே," என்று ராஜா தொடையைத் தட்டினார்.

ராஜா கேலி செய்கிறார் என்று பாகவதர் எண்ணிக்கொண்டார் போலும். இரட்டிப்பு ஆவேசத்தோடு ஆட்டினார். காந்தாரம் ஊஞ்சலாடியது, குழைந்தது, கொஞ்சியது. சபை முழுவதும் தலையாட்டியது. அச்சு வார்ப்பவரே தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார் பாகவதர்.

"கேட்டீர்களா, மகாராஜா? என்ன அவலட்சணம்."

"அவலட்சணமா? நான் பலே போட்டேனே. ஒன்றைச் சொல்லும். அசைந்தது சவரிராயன் விரலா, நீர் கொடுத்த சுருதியா?"

பாகவதர் வாயைத் திறந்தார். சுருதி கெட்டது என்றால் கெடுத்தவர் அவர். கெடவில்லை என்றால் அசைந்தது கமகம். "கமகம்தான்," என்றார், தரையைப் பார்த்து.

"இது எப்படி ஐயா உமக்கு முன்பே தெரிந்தது?" என்று ராஜா திருமேனியைக் கேட்டார்.

"எனக்கு வாத்தியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, மகாராஜா. பாகவதரைத் தெரியும். அவர் மட்டும் ஒழுங்காகக் காற்றுக் கொடுத்திருந்தால், இந்நேரம் அதில் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்."

ராஜா சிரித்த சிரிப்பில் குழல்களே லேசாக முனகின. சவரிராயனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது, திருமேனிக்கு ராஜாவின் விரல் மோதிரம். பாகவதருக்கு, இனித் தோடி வாசிக்கும்போதெல்லாம் துருத்தி அவருடையதே என்ற தனிக் கௌரவம். ராஜா அதற்குப் பிறகு தினமும் தோடி கேட்டார்.

தை மாதம் அரண்மனைத் தட்டார் பாகவதரின் தோள்வளைகளில், துருத்தி இழுக்கும் வலது கைக்குரியதை மட்டும் அறுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார்.